ஆடிய கடைவாய்ப் பல்: பர்கிட் லிம்போமா பற்றிக் கேட்டவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். உங்கள் தம்பி உகாண்டாவில் ஜிஞ்சா பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார். அவர் வீட்டுக்குச் சமையலுக்கு வரும் பெண்ணின் ஆறு வயது மகனுக்குக் கடைவாய்ப் பல் ஆடியிருக்கிறது. பல் டாக்டர் அதைப் பிடுங்கிவிட்டார். பத்தே நாளில் கன்னம் உப்பி, அந்தப் பக்கத்துக் கண்ணும் பிதுங்கத் தொடங்கியதும் கம்பாலாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே சதை எடுத்துப் பார்த்து ‘பர்கிட் லிம்போமா’ என்று, அதாவது வெள்ளணுவில் வரும் ஒரு புற்றுநோய் என்று சொல்லி, முதல் கீமோவும் போட்டாகிவிட்டது. பையன் பிழைப்பானா, அவனோடு தினமும் விளையாடிய தம்பி மகளுக்கு இது தொற்றுமா, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இப்படி வருகிறது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை. பயாப்சித் துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்கும் பேத்தாலஜிஸ்ட். இந்த நோயை அந்தப் பக்கத்திலிருந்துதான் எனக்குத் தெரியும். முதல் இரண்டுக்கும் பதிலை உடனே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை இடையில் நிற்காமல் நடந்தால் பையன் முழுமையாகக் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. தம்பி மகளுக்கு ஒட்டிக்கொள்ளாது. மூன்றாவது கேள்விக்கான பதில் நீளமானது. அதன் ஒரு பகுதி ஜிஞ்சாவிலேயே நடந்தது.

முதலில் இதன் வேகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் மிக வேகமாக வளர்வது இதுதான் என்று சொல்லலாம். கட்டியில் உள்ள செல்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டு நாளில் இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்கு வரும் பல கட்டிகள் அப்படி இரட்டிப்பாக மாதக்கணக்கில் ஆகும். திங்கட்கிழமை லேசாகத் தடித்திருந்த கன்னம் அடுத்த திங்களுக்குள் முகத்தையே கோணலாக்கிவிட்டது என்று ஒரு தாய் சொன்னால் அது மிகையில்லை.

இந்த நோய் உள்ள ஒரு தகட்டை நுண்ணோக்கியில் முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பார்வை எட்டும் இடமெல்லாம் கருநீலச் செல்கள், ஒரே அளவில், இடைவெளியே இல்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று பிளந்துகொண்டிருந்தது. அந்தக் கருநீலத்துக்கு நடுவே அங்கங்கே வெளிறிய புள்ளிகள். ‘நட்சத்திர வானம்’ என்றே நாங்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் உடலின் துப்புரவுச் செல். செல்கள் பிறக்கிற வேகத்துக்குச் சாகவும் செய்கின்றன. செத்ததை விழுங்கிவிட்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறது அது. பிரிந்துகொண்டிருக்கும் செல்களை மட்டும் நிறம் காட்டும் ஒரு சோதனை உண்டு. மற்றக் கட்டிகளில் கால்வாசி, பாதி என்று நிறம் ஏறும். இதில் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு.

ஏன் இந்த வெறி? நம் ரத்தத்தில் பி செல் என்று ஒரு வெள்ளணு இருக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் செய்வது அதன் வேலை. அந்தப் புரதத்துக்கான மரபணு 14-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பி செல்லில் அது சதா ஓடிக்கொண்டே இருக்கும். 8-ஆம் குரோமோசோமில் ‘மிக்’ என்று இன்னொரு மரபணு. ‘இப்போது பிளந்துகொள்’ என்று செல்லுக்கு உத்தரவு போடுவது இது. தேவைப்படும்போது மட்டும் விழித்துவிட்டு அடங்கிவிட வேண்டும். வயல் மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் குறித்த நேரத்துக்குத்தான் வரும் இல்லையா, அதுபோல. இந்த நோயில் 8-ம் 14-ம் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. எந்நேரமும் கரண்ட் ஓடும் லைனில் மோட்டாருக்குக் கொக்கி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. பிறகு அதை நிறுத்த ஆளில்லை. சில பிள்ளைகளிடம் 14-க்குப் பதிலாக 2 அல்லது 22 உடைந்திருக்கும். விளைவு ஒன்றுதான்.

இது பையன் பிறந்த பின் ஒரே ஒரு செல்லுக்குள் நடந்த விபத்து. பரம்பரையாக வந்ததில்லை, அம்மா கர்ப்பகாலத்தில் செய்த எதனாலும் வந்ததில்லை. அந்தத் தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருப்பார், அநேகமாக எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் இருக்கிறார்கள். தம்பியிடம் சொல்லி இதை அவருக்கு எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த நோயைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. பயமுறுத்தும் அந்த வேகமேதான் இதன் பலவீனமும். கீமோ மருந்துகளில் பல, பிளந்துகொண்டிருக்கும் செல்லைத்தான் அடிக்கும். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் பிளந்துகொண்டிருக்கும் கட்டி வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி உருகிவிடுகிறது. முதல் மருந்து போன மூன்றாம் நான்காம் நாளில் கண் உள்ளே போய், ஒரு வாரத்தில் கன்னம் பாதியாகிவிடும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே குழந்தை என்று நம்ப மாட்டீர்கள்.

இதை உலகம் கற்றுக்கொண்டது உகாண்டாவில்தான். டெனிஸ் பர்கிட் அயர்லாந்துக்காரர், அறுவை மருத்துவர். பதினொரு வயதில் ஒரு விபத்தில் வலது கண்ணை இழந்தவர், மீதி ஒரு கண்ணோடுதான் அறுவை செய்தார். 1957-இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில், ஹியூ ட்ரோவெல் என்ற சக மருத்துவர் ஒரு சிறுவனைப் பார்க்கும்படி அவரை அழைத்தார். மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும், இடமும் வலமுமாக, நான்கு மூலையிலும் வீக்கம். சீழ்க்கட்டி என்றால் நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் வராது. புற்றுநோய் என்றாலும் அப்படி வந்து அவர் பார்த்ததில்லை. புரியாமல் விட்டுவிட்டார். சில வாரம் கழித்து ஜிஞ்சா மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். புல்தரையில் தாயோடு உட்கார்ந்திருந்த ஒரு குழந்தைக்கு அதே முகம். வார்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார். அந்தக் குழந்தைக்குத் தாடை மட்டுமல்லாமல் வயிற்றிலும் கட்டிகள் இருந்தன.

அப்புறம் முலாகோவின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். தாடைக்கட்டி ஒரு நோய், வயிற்றுக்கட்டி ஒரு நோய், கண் பிதுங்கல் ஒரு நோய் என்று வேறு வேறு பெயரில் எழுதி வைத்திருந்தவை எல்லாம் ஒன்றேயாக இருந்தன. 1958-இல் கட்டுரையாக எழுதினார். அது நிணநீர்ச் செல்லில் வரும் லிம்போமா என்று உறுதி செய்தது கம்பாலாவில் இருந்த கிரெகரி ஓ’கானர் போன்ற என் துறைக்காரர்கள், தகட்டைப் பார்த்து.

தொடக்கத்தில் பர்கிட் தாடையை வெட்டியே எடுத்தார், பயனில்லை. கதிர்வீச்சு கொடுக்க உகாண்டாவில் அன்று கருவியும் கிடையாது. வேறு வழியில்லாமல், நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் ஆய்வாளர்கள் கொடுத்த ஊக்கத்தில், மெத்தோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு, வின்கிரிஸ்டின் என்று கையில் கிடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். ஓரிரு ஊசி மட்டும் போட்டுக்கொண்டு ஊருக்குப் போன சில பிள்ளைகள் ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். புற்றுநோயை மருந்தாலேயே குணப்படுத்த முடியுமா என்று உலகம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த 1960-களின் தொடக்கம் அது. 1967-இல் முலாகோவில் இதற்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்றைய உகாண்டா புற்றுநோய் நிறுவனத்தின் வேர் அது. இடி அமீன் காலத்தில் வெளிநாட்டு மருத்துவர்கள் வெளியேறிய பிறகு சார்லஸ் ஒல்வெனி என்ற உகாண்டா மருத்துவர் அதை விடாமல் நடத்தினார். இந்த நோயைப் பொறுத்தவரை அவர்கள் நீண்ட அனுபவம் உள்ளவர்கள். கம்பாலாவுக்குக் கொண்டுபோனது சரியான முடிவு.

சரி, ஏன் அந்தப் பக்கத்தில் மட்டும்? பர்கிட்டுக்கும் இதே கேள்விதான். 25 பவுண்டு உதவித்தொகையில் படத்தோடு துண்டுத்தாள் அச்சடித்து ஆப்பிரிக்கா முழுவதும் மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். பிறகு 1961-இல் டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரு மருத்துவ நண்பர்களோடு ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் கிளம்பினார். பத்து வாரம், ஏறக்குறைய 10,000 மைல், வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் படத்தைக் காட்டி ‘இதைப் பார்த்திருக்கிறீர்களா’ என்று கேட்டார். பார்த்தோம், பார்க்கவில்லை என்ற பதில்களை வரைபடத்தில் குறித்தபோது நடு ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பட்டை தெரிந்தது. தெற்கே மொசாம்பிக் கரையோரமாக அதற்கு ஒரு வால். ஏறத்தாழ 5,000 அடிக்கு மேல் உயரமான ஊர்களில் நோய் இல்லை. குளிர் அதிகமான இடத்தில் இல்லை. மழை குறைவான இடத்தில் இல்லை. வெப்பம், மழை, தாழ்நிலம் மூன்றும் சேர்ந்தால் கொசு. அந்தப் பட்டை மலேரியாவின் பட்டையோடு பொருந்தியது. மலேரியாவைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த சான்சிபார் தீவில் இந்த நோய் அரிதாக இருந்தது.

ஆனால் மலேரியா தனியாக இதைச் செய்வதில்லை. 1961 மார்ச்சில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்கிட் பேசியதைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டைன், இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கும் என்று ஊகித்தார். கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் அவருக்கு வந்துகொண்டிருந்தன. இரண்டு ஆண்டாக ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பர் 5 அன்று லண்டனில் மூடுபனி. விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள். தாமதமாக வந்து சேர்ந்த குப்பியில் நீர் கலங்கியிருந்தது. கிருமி புகுந்து கெட்டுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொட்டிவிடாமல் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் எப்ஸ்டைன். கலங்கலாகத் தெரிந்தது கிருமி இல்லை, கட்டியிலிருந்து உதிர்ந்து உயிரோடு மிதந்துகொண்டிருந்த செல்கள். இப்படி மிதக்கவிட்டே வளர்க்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. இவான் பார் என்ற பெண் ஆய்வாளரோடு சேர்ந்து அவற்றை வளர்த்தார். டிரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சோங் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேலையில் துணையிருந்தார். 1964 பிப்ரவரியில் வைரஸ் கண்ணில் பட்டது. மனிதருக்குப் புற்றுநோயோடு தொடர்புள்ளதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் அது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்று பெயர்.

தம்பி மகளைப் பற்றிய பயத்துக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த வைரஸ் எச்சில் வழியாகப் பரவும். உலகில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது உடம்பில் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அநேகமாக உண்டு. பி செல்லுக்குள் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் செய்யாமல் கிடக்கும். உகாண்டாவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயதுக்குள் வந்துவிடுகிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் லிம்போமா வருகிறது. இந்த வைரஸ் உள்ள பி செல்களை ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா திரும்பத் திரும்பத் தூண்டிவிடுகிறது. அப்படித் தூண்டப்படும்போது, எதிர்ப்புப் புரதத்தைத் திருத்தி எழுதுவதற்காகச் செல் தன் டிஎன்ஏவையே வெட்டி ஒட்டும். அந்த வெட்டு தப்பான இடத்தில் விழும்போதுதான் 8-ம் 14-ம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. வைரஸ் உள்ள செல் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் தப்பிவிடுகிறது. இத்தனையும் ஒரு குழந்தையின் ஒரே செல்லில் ஒன்றுசேர வேண்டும். அந்தச் செல் இன்னொரு குழந்தைக்குப் போகாது. இருவரும் சேர்ந்து விளையாடலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இப்போதைக்கு ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும், அதுவும் பையனுக்காக: கீமோவால் அவனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், தம்பி மகளுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் அந்த நாட்களில் அருகே விட வேண்டாம். அப்புறம், அவள் தினமும் கொசுவலைக்குள் தூங்கட்டும். அது மலேரியாவுக்காகவே அவசியம்.

ஒரு கிளைச்செய்தி. ஆப்பிரிக்கக் கிராமங்களில் வேலியாக வளரும் ஒரு கள்ளியின் பால், தூங்கிக் கிடக்கும் இந்த வைரஸை எழுப்பிவிடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை ஒடித்து விளையாடுவதுண்டு. நோய்க்கு அதுவும் ஒரு துணைக் காரணமோ என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு. அந்தச் செடியின் தாவரவியல் பெயரில் ‘திருகள்ளி’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. மலபார்க்காரர்கள் சொன்ன பெயரை லின்னேயஸ் 1753-இல் எடுத்து வைத்தது. நம் ஊர் வேலிகளில் நிற்கும் அதே கொம்புக்கள்ளிதான்.

நம் ஊரில் இந்த நோய் இல்லையா என்றால், உண்டு, அரிதாக. ஐரோப்பா, அமெரிக்காவைப் போலவே இங்கும் பெரும்பாலும் வயிற்றில் வரும். குடல் அடைத்துக்கொண்டு அவசர அறுவைக்கு வந்த பிள்ளையிடம் தெரியவரும். தாடையைப் பிடிப்பது முக்கியமாக ஆப்பிரிக்க வகை.

பல் டாக்டர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்தில் தெரிகிறது. எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பல் ஆடுவது வழக்கம்தானே? ஆனால் அந்த வயதில் ஆட வேண்டியது முன்பல். கடைவாய்ப் பால்பல் விழ ஒன்பது, பத்து வயதாகும். காரணமில்லாமல் ஐந்தாறு வயதில் கடைவாய்ப் பற்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஆடினால், சொத்தையும் இல்லை, அடியும் படவில்லை என்றால், பிடுங்குவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று ஓடும். இந்த நோயில் முதலில் அழிவது அந்தக் கோடு. இன்னொன்று: ‘வீக்கம் வற்றட்டும்’ என்று ஸ்டீராய்டு கொடுத்துவிடக் கூடாது. கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், எங்களுக்கு வரும் பயாப்சியில் செத்த செல்தான் இருக்கும். நோயின் பெயர் தெரியாமல் நாட்கள் போய்விடும். அப்படிப்பட்ட தகடுகளைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

இனி அந்தப் பையனுக்கு முன்னால் இருப்பது. முதல் ஒரு வாரம் ஆபத்தானது, காரணம் மருந்து மிக நன்றாக வேலை செய்வதுதான். கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் வெடித்து, உள்ளே இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் அடைத்துக்கொள்ளலாம், இதயம் தடுமாறலாம். அதற்காகத்தான் இடைவிடாமல் சலைன் ஏற்றி, சிறுநீரை அளந்து அளந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கடிதப்படி அந்த வாரத்தைத் தாண்டிவிட்டான். பெரிய விஷயம் அது.

முதுகில் ஊசி போடுவார்கள். மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் நோய்ச்செல் ஒளிந்துகொள்ளக் கூடும், நரம்பில் ஏற்றும் மருந்துகளில் பல அங்கே போதுமான அளவு எட்டுவதில்லை. ‘முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போய்விடும்’ என்ற பயம் நம் ஊரில் இருப்பதுபோல் அங்கும் இருக்கும். ஊசி போடும் இடம் தண்டுவடம் முடிந்ததற்குக் கீழே. அதைத் தவிர்த்தால்தான் ஆபத்து.

வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள். கடுமையான நிலையில் இருந்த பிள்ளைகளுக்கே வழக்கமான கீமோவோடு, பி செல்லைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, மூன்றாண்டு முடிவில் 94 விழுக்காட்டினர் நோய் திரும்பாமல் இருந்தார்கள் என்று 2020-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வெளியானது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் பாதிப் பேரைக் காப்பாற்றுவதே கஷ்டமாக இருக்கிறது. நோய் அதேதான், கட்டி அங்கும் அதே மாதிரி உருகத்தான் செய்கிறது. தாமதமாக வருவது, கடும் கீமோவைத் தாங்கவைக்கத் தேவையான ரத்தமும் ஆன்டிபயாட்டிக்கும் கிடைக்காமல் போவது, பாதியில் நின்றுவிடுவது, இவைதான் வித்தியாசம்.

பாதியில் நிற்பதற்கு ஒரு காரணத்தை வெளியில் இருப்பவர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை. பிள்ளை குணமானதுபோல் தெரிகிறான். இரண்டாவது ஊசிக்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது, ஓடி விளையாடுகிறான். ஜிஞ்சாவிலிருந்து கம்பாலா 80 கிலோமீட்டர். வேன் கட்டணம், சாப்பாடு, போகும் நாளில் கூலி கிடையாது, வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. ‘அடுத்த மாதம் போகலாம்’ என்று அந்தத் தாய் நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் மிச்சமிருக்கும் செல்களும் அதே வேகத்தில்தான் பெருகும். திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் வந்துவிடும், அப்போது மருந்து முன்போல் கேட்காது.

உங்கள் தம்பி செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பார்த்து, இன்னும் எத்தனை சுற்று, எந்தெந்தத் தேதி என்று தன் போனில் குறித்துக்கொள்ளட்டும். போக வர வேன் காசையும் அன்றைய கூலியையும் முன்னாலேயே அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிடட்டும், கடனாக வேண்டாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுக்கட்டும். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணு மிகக் குறைவாக இருக்கும். உடம்பு 38 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரியானாலும், பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளட்டும்.

முதல் ஊசி போட்ட தேதியை நீங்கள் எழுதவில்லை. அடுத்த சுற்று வழக்கமாக இரண்டு மூன்று வாரத்தில் வரும். இன்று இரவே தம்பிக்கு போன் போட்டு அந்தத் தேதியைக் கேளுங்கள்.